தொட்டி பெரிதா, குழாய் பெரிதா? வாக்குவம் கிளீனர் சொல்லும் கதை

கார்பெட் சுத்தம் செய்யும் எந்திரம் வாங்கப் போகிறவர்கள் கடைக்காரரிடம் தவறாமல் கேட்கும் கேள்விகள் இரண்டு. "டேங்க் எத்தனை லிட்டர்? பைப் எவ்வளவு நீளம்?" இரண்டும் பெரிதாக இருந்தால் எந்திரம் நன்றாக இழுக்கும் என்று ஒரு நம்பிக்கை. உண்மையில் பெரிய டேங்க் உறிஞ்சும் விசையைக் கூட்டுவதில்லை. நீளமான குழாயோ அதைக் குறைக்கவே செய்கிறது!

இந்தச் சின்ன விஷயத்தைப் பிடித்துக்கொண்டு போனால் ஒரு பெரிய தொழிலின் வரலாறே கிடைக்கிறது. பி.காம். படிக்கிற உனக்கு இயற்பியலில் என்ன வேலை என்று கேட்காதீர்கள் நண்பர்களே. கதை கடைசியில் வணிகவியலில்தான் போய் முடிகிறது.

உறிஞ்சுவது எந்திரம் அல்ல!

ஸ்ட்ரா போட்டு இளநீர் குடிக்கும்போது நாம் இளநீரை இழுக்கிறோம் என்று நினைக்கிறோம். நாம் செய்வது ஒன்றே ஒன்றுதான். ஸ்ட்ராவுக்குள் இருக்கும் காற்றைக் கொஞ்சம் எடுத்துவிடுகிறோம். வெளியே இருக்கும் காற்று இளநீரை மேலே தள்ளுகிறது. இத்தாலியில் டோரிசெல்லி 1643ல் காற்றுக்கு அழுத்தம் உண்டு என்று காட்டினார். அந்த அழுத்தம் தண்ணீரை ஏறக்குறைய 10.3 மீட்டர் உயரம் வரைதான் தள்ளும். உலகத்தில் எவ்வளவு பெரிய உறிஞ்சும் பம்ப் செய்தாலும் இந்த எல்லையைத் தாண்ட முடியாது.

ஆக, கம்பளத்தில் இருக்கும் தூசியைத் தள்ளிக்கொண்டு வருவது அறையில் இருக்கும் காற்று. எந்திரத்தின் வேலை அதற்கு வழி விடுவது மட்டுமே. அந்த வழிதான் குழாய். வழி நீளமாக இருந்தால் காற்று அதன் சுவரில் உரசி உரசிக் களைத்துப் போகும். குழாயின் நீளம் இரண்டு மடங்கானால் (அதே அளவு காற்று போவதாக வைத்துக்கொண்டால்) அழுத்த இழப்பும் இரண்டு மடங்கு ஆகும்.

அகலத்தின் விளைவு இதைவிடப் பெரியது. ஒன்றரை அங்குலக் குழாயை எடுத்துவிட்டு இரண்டு அங்குலக் குழாய் போட்டால் இழப்பு ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். அரை அங்குலத்துக்கு இவ்வளவு வித்தியாசம்! அப்படியானால் நான்கு அங்குலக் குழாய் போட்டுவிடலாமே என்றால், அதுவும் கூடாது. குழாய் அகலமாக ஆக உள்ளே காற்றின் வேகம் குறையும். வேகம் குறைந்தால் மண்ணும் அழுக்குத் தண்ணீரும் பாதி வழியிலேயே படுத்துக்கொள்ளும்.

தொட்டியின் கணக்கு வேறு. அது பெரிதாக இருந்தால் உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்ற பம்புக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகும். கடைசியில் கிடைக்கும் விசை அதேதான். ஆனால் தொட்டிக்கு வேறு இரண்டு பயன்கள் உண்டு. குறுகிய குழாயிலிருந்து அகலமான தொட்டிக்குள் வந்ததும் காற்றின் வேகம் தணிகிறது, அதனால் அழுக்கு கீழே விழுகிறது. மேலும், தொட்டி எவ்வளவு பெரிதோ அவ்வளவு நேரம் கொட்டாமல் வேலை செய்யலாம். இதற்கு விலையும் உண்டு. வெளிக்காற்று தொட்டியை எல்லாப் பக்கமும் நெருக்கும் என்பதால் பெரிய தொட்டிக்கு உறுதியான சுவர் வேண்டும். உறுதி என்றால் எடை, எடை என்றால் செலவு.

இதை மனதில் வைத்துக்கொண்டு லண்டனுக்குப் போவோம்.

தெருவில் நின்ற எந்திரம்

1901ல் லண்டனில் எம்பயர் மியூசிக் ஹாலில் ஓர் அமெரிக்கர் தூசி நீக்கும் எந்திரம் ஒன்றைக் காட்டினார். அது காற்றை ஊதித் தூசியைக் கிளப்பியது. பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஹூபர்ட் செசில் பூத் என்ற பொறியாளரும் ஒருவர். பிளாக்பூல், வியன்னா, பாரிஸ் நகரங்களின் ராட்சத ராட்டினங்களில் வேலை செய்தவர். ஊதுவதற்குப் பதிலாக உறிஞ்சினால் என்ன என்று அவர் கேட்டார். அது நடக்காத காரியம் என்று பதில் வந்தது. பிறகு ஓர் உணவகத்தில் வெல்வெட் போன்ற துணி போர்த்திய நாற்காலியில் வாயை வைத்து உறிஞ்சிப் பார்த்து, தன் யோசனை சரிதான் என்று உறுதி செய்துகொண்டாராம். இருமல்தான் மிச்சம்!

அவர் செய்த எந்திரம் எஞ்சினால் ஓடும் ஒரு பிஸ்டன் பம்ப். வீட்டுக்குள் கொண்டுபோக முடியாத அளவு பெரியது. குதிரை வண்டியில் ஏற்றி வீட்டு வாசலில் நிறுத்துவார்கள். அங்கிருந்து நீண்ட குழாய்களை ஜன்னல் வழியாக உள்ளே விட்டு, சீருடை போட்ட ஆட்கள் கம்பளங்களைச் சுத்தம் செய்வார்கள். இந்த எந்திரத்துக்கு 'பஃபிங் பில்லி' என்று பெயர் வந்தது.

இவ்வளவு நீளமான குழாயில் உறிஞ்சும் விசை எப்படித் தாங்கியது? பிஸ்டன் பம்பால் ஆழமான வெற்றிடத்தை உண்டாக்க முடியும். வழியில் போகும் இழப்பைக் கழித்த பிறகும் முனையில் போதுமான அளவு மிஞ்சும். அதாவது, குழாய் தின்றுவிடும் பங்கையும் சேர்த்தே பூத் எஞ்சினை வைக்க வேண்டியிருந்தது. அதனால்தான் எந்திரம் அவ்வளவு பெரிதானது. எந்திரம் பெரிதானதால் தெருவில் நின்றது. தெருவில் நின்றதால் குழாய் நீண்டது. ஒரு வட்டம் போல!

வணிகவியல் மாணவனாக எனக்குப் பிடித்த இடம் இதுதான். இந்த எந்திரத்தை சாதாரணக் குடும்பம் வாங்க முடியாது. ஆகவே பூத் பெரும்பாலும் விற்றது எந்திரத்தை அல்ல, சேவையை! 1902ல் அவர் தொடங்கிய பிரிட்டிஷ் வாக்குவம் கிளீனர் கம்பெனி வீடு வீடாகப் போய்ச் சுத்தம் செய்து கட்டணம் வாங்கியது. அதே ஆண்டு ஏழாம் எட்வர்ட் மன்னரின் முடிசூட்டு விழாவுக்காக வெஸ்ட்மின்ஸ்டர் அபேயின் கம்பளங்களைச் சுத்தம் செய்தது. முதல் உலகப்போரின்போது கடற்படை வீரர்கள் தங்கியிருந்த கிரிஸ்டல் பேலஸில் காய்ச்சல் பரவியபோது, பூத்தின் எந்திரங்கள் அங்கிருந்து 26 டன் தூசியை எடுத்தன என்று சொல்லப்படுகிறது.

அமெரிக்காவில் டேவிட் கென்னி என்பவர் வேறு வழியில் போனார். 1902ல் பிட்ஸ்பர்க் நகரின் ஃபிரிக் கட்டிடத்தில் நீராவியால் ஓடும் பெரிய எந்திரத்தை ஓரிடத்தில் நிலையாக வைத்து, கட்டிடம் முழுவதும் குழாய் பதித்தார். தண்ணீர் பைப் மாதிரி உறிஞ்சும் பைப்! பெரிய கட்டிடங்களுக்குச் சரி. ஏற்கனவே கட்டி முடித்த சின்ன வீட்டில் சுவரை உடைத்துக் குழாய் பதிக்க யார் சம்மதிப்பார்கள்?

குழாயே வேண்டாம் என்றவர்

ஒஹையோ மாநிலம் கேன்டன் நகரில் ஒரு பெரிய கடையைப் பெருக்கிச் சுத்தம் செய்யும் வேலையில் இருந்தவர் ஜேம்ஸ் மர்ரே ஸ்பாங்ளர். அவருக்கு ஆஸ்துமா. கடையின் கம்பளத் தூசி அவர் மூச்சை அடைத்தது. மின்விசிறி மோட்டார், சுழலும் பிரஷ், துடைப்பக் கைப்பிடி, ஒரு தலையணை உறை, இவற்றை வைத்து 1907ல் ஓர் எந்திரம் செய்தார். 1908 ஜூன் 2ல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது.

இந்த எந்திரத்தின் விசிறி பூத்தின் பம்பைவிட மிகவும் பலவீனமானது. விசிறி நிறையக் காற்றைத் தள்ளும், ஆனால் ஆழமான வெற்றிடம் தராது. அதில் நீளமான குழாயை மாட்டினால் எதையும் இழுக்காது. ஸ்பாங்ளர் உறிஞ்சும் வாயையும் விசிறியையும் ஒட்டியே வைத்துவிட்டார். நடுவே குழாய் இல்லை, ஆகவே குழாயால் இழப்பும் இல்லை. தொட்டிக்குப் பதில் தலையணை உறை. குறைந்த விசையை ஈடுகட்ட பிரஷ் தூசியைக் கிளறிக் கொடுத்தது.

அவரிடம் முதல் இல்லை. தோல் பொருட்கள் செய்துவந்த வில்லியம் ஹூவரிடம் உரிமை போனது. மோட்டார் கார் வந்து குதிரைச் சேண வியாபாரம் சரியும் என்று ஹூவர் கணக்குப் போட்டிருந்த நேரம் அது. 1908 டிசம்பரில் சாட்டர்டே ஈவினிங் போஸ்ட் இதழில் விளம்பரம் வந்தது: பத்து நாள் இலவசமாகப் பயன்படுத்திப் பாருங்கள்! சேவையாக இருந்த ஒன்று பொருளாக மாறிவிட்டது. ஸ்பாங்ளர் 1915ல் இறந்தார். இங்கிலாந்தில் 'ஹூவர்' என்ற சொல்லே பெருக்குவதற்கு வினைச்சொல்லாகிவிட்டது. ஸ்பாங்ளர் பெயரை யார் சொல்கிறார்கள்?

வேலை யார் தலையில் விழுந்தது?

இதுவரை சொன்னது லாபக் கணக்கு. இன்னொரு கணக்கும் இருக்கிறது. ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் என்ற அமெரிக்க வரலாற்று ஆசிரியர் 1983ல் வெளியிட்ட 'மோர் வொர்க் ஃபார் மதர்' என்ற நூலில், வீட்டு எந்திரங்கள் குடும்பத் தலைவியின் வேலை நேரத்தை நாம் நினைப்பதுபோல் குறைக்கவில்லை என்று வாதிடுகிறார். முன்பு கம்பளத்தை எப்போதாவது வெளியே தூக்கிப்போட்டுக் குடும்பமே சேர்ந்து தட்டியது. எந்திரம் வந்த பிறகு அடிக்கடி, அதுவும் ஒருத்தியே செய்யும் வேலையானது.

பூத்தின் நீண்ட குழாயின் மறுமுனையில் கூலி வாங்கும் ஒரு தொழிலாளி நின்றார். குழாய் மறைந்ததும் அந்த இடத்தில் கூலி இல்லாத ஒரு பெண் நின்றாள். வேலை ஒழியவில்லை, சம்பளப் பட்டியலிலிருந்து மட்டும் ஒழிந்தது. ஸ்பாங்ளரோ ஹூவரோ திட்டமிட்டுச் செய்தது அல்ல இது. ஆனால் எந்திரம் கைக்கு அடக்கமானபோது பொறுப்பும் கைமாறியது.

மறுபடியும் தெருவில்

வேடிக்கை என்னவென்றால், கதை திரும்பவும் தெருவுக்கே வந்தது. கம்பளத்தில் சூடான தண்ணீரைத் தெளித்து உடனே உறிஞ்சி எடுக்கும் முறை வந்தபோது, அதிக அழுக்குத் தண்ணீரைச் சுமக்கும் தொட்டியும் பலமான பம்பும் தேவைப்பட்டன. 1970களில் அமெரிக்காவில் இவற்றை வேனில் ஏற்றிக்கொண்டு போகும் தொழில் வளர்ந்தது. வேன் வாசலில் நிற்கும், குழாய் வீட்டுக்குள் போகும். குதிரை மட்டும்தான் இல்லை! இந்தத் தொழிலில் நீண்ட தூரத்துக்கு இரண்டு அங்குலக் குழாயும், கை பிடிக்கும் கடைசிப் பகுதிக்கு மட்டும் வளைக்க எளிதான ஒன்றரை அங்குலக் குழாயும் போடுவது வழக்கம். நாம் மேலே பார்த்த அதே கணக்கு.

ஆகவே எந்திரம் வாங்கப் போகிறவர்கள் லிட்டரை மட்டும் கேட்காதீர்கள். குழாயின் அகலத்தைக் கேளுங்கள், தேவைக்கு மேல் நீளம் வேண்டாம் என்று சொல்லுங்கள். அப்படியே இன்னொன்றையும் வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள்: அந்தக் குழாயின் முனையைப் பிடிக்கப்போவது யார்?