நடுவரின் தீர்ப்பும் நடுவரின் வாசிப்பும்

அறிவியல் கட்டுரையைத் துறை வல்லுநர்கள் படித்து ஒப்பிய பிறகே இதழில் அச்சேற்ற வேண்டும் என்ற வழக்கம், அறிவியலோடு கூடவே பிறந்தது போலப் பேசப்படுகிறது. ஆனால் 1665இல் ‘ஃபிலாசஃபிகல் டிரான்சாக்‌ஷன்ஸ்’ இதழைத் தொடங்கிய ஹென்றி ஓல்டன்பர்க், எதை அச்சிடுவது என்பதைத் தாமே முடிவுசெய்தார். 1752இல் ராயல் சொசைட்டி இதழைத் தன் பொறுப்பில் எடுத்தபோது ஒரு குழு வாக்களித்து முடிவெடுத்தது. காரணம் எழுதும் வழக்கம் இல்லை. எழுத்தில் அறிக்கை கேட்கும் யோசனையை 1830களின் தொடக்கத்தில் முன்வைத்தவர் வில்லியம் ஹ்யூவெல். அவர் விரும்பியது தடுப்புச்சுவர் அல்ல. புதிய ஆய்வு எங்கே பொருந்துகிறது என்று வாசகருக்கு விளக்கும், வெளியிடத்தக்க அறிக்கை. சில ஆண்டுகளிலேயே அந்த அறிக்கை திரைக்குப் பின்னே போய்த் தீர்ப்பாக மாறியது. மதிப்பாய்வின் பயன் வாசிப்பில் இருக்கிறது, தீர்ப்பில் இல்லை என்று நான் சொல்வதற்கு இந்த மாற்றமே முதல் காரணம்.

தீர்ப்பு மட்டும் மிஞ்சினால் என்ன ஆகும் என்பதற்குப் பம்பாயிலிருந்து ஒரு சான்று உண்டு. அங்கே கிழக்கிந்தியக் கம்பெனியின் கடற்படை மாணவர்களுக்குப் பாடம் நடத்திய ஜான் ஜேம்ஸ் வாட்டர்ஸ்டன், வாயுவின் வெப்பத்தை அதன் மூலக்கூறுகளின் இயக்கத்தால் விளக்கும் கட்டுரையை 1845இல் ராயல் சொசைட்டிக்கு அனுப்பினார். வெறும் பிதற்றல் என்ற பொருளில் ஒரு நடுவர் எழுதினார். கட்டுரை ஆவணக் கிடங்குக்குப் போயிற்று. ரேலி பிரபு அதைத் தேடியெடுத்து 1892இல் அச்சேற்றியபோது வாட்டர்ஸ்டன் இறந்து ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. அதற்குள் கிளாசியஸும் மேக்ஸ்வெல்லும் அந்தத் துறையை வேறு வழியில் கட்டி எழுப்பிவிட்டார்கள்.

மறுக்கும் அதிகாரம் இல்லையென்றால் பிழைகள் புகுந்துவிடாதா, நடுவரின் சொல்லை யார் மதிப்பார் என்ற கேள்வி நியாயமானது. ஆனால் ‘நேச்சர்’ இதழ் 1973 வரை வெளி மதிப்பாய்வைக் கட்டாயமாக்கவில்லை; 1953இல் அதில் வந்த வாட்சன், கிரிக் இருவரின் டிஎன்ஏ கட்டுரை எந்த நடுவரிடமும் போகவில்லை. இன்னும் வலுவான பதில் 1936இல் கிடைக்கிறது. ஈர்ப்பலைகள் இல்லை என்று வாதிட்டு ஐன்ஸ்டைனும் ரோசனும் எழுதிய கட்டுரையை ‘ஃபிசிகல் ரெவ்யூ’ ஆசிரியர் ஜான் டேட், ஹோவர்ட் ராபர்ட்சனிடம் அனுப்பினார். ராபர்ட்சன் பிழையைக் கண்டு விரிவாக எழுதினார். தம்மைக் கேட்காமல் பிறரிடம் காட்டியதற்குச் சினந்த ஐன்ஸ்டைன் கட்டுரையைத் திரும்பப் பெற்று வேறு இதழுக்குக் கொடுத்தார். ‘ஃபிசிகல் ரெவ்யூ’ இதழின் வாசல் அவரைக் கட்டுப்படுத்தவில்லை. பின்னர் ராபர்ட்சன் அதே வாதத்தை ஐன்ஸ்டைனின் உதவியாளர் இன்ஃபெல்டிடம் நேரில் விளக்க, 1937இல் கட்டுரை முடிவு மாறி, உருளை வடிவ ஈர்ப்பலைகளைப் பற்றியதாக வெளிவந்தது.