கட்டாரி: பிறப்பிடமும் காலமும் அறிதல்

கட்டாரி என்பது பாரத தேசத்திற்கே உரிய குத்துவாள் வகை. ஏனைய குத்துவாள்களில் பிடியானது அலகின் நேர்கோட்டிலேயே அமைந்திருக்க, இதில் இரண்டு பக்கச் சட்டங்களுக்கு நடுவே குறுக்காகப் பொருத்திய கம்பிகளே பிடியாகி, மூடிய முஷ்டிக்கு முன்னால் கையின் திசையிலேயே அலகு நீளுவதால், குத்துகிறவனுடைய தோள்வலிமை முழுவதும் முனையிற் சென்று சேர்கிறது. 14ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இந்நாட்டில் சஞ்சரித்த இப்னு பதூதா, கையை உள்ளே நுழைக்க முன்கை மறைவதும் கலப்பைக் கொழுவை ஒத்திருப்பதுமான இவ்வாயுதத்தைப் பெயர் சுட்டியே வருணித்திருத்தலின், அக்காலத்திலேயே இது வழக்கில் இருந்ததென்பது தெளிவு.

பிரதேசமும் வரலாறும்

கட்டாரி கிடைக்கும் பிரதேசத்தின் வரலாற்றையும் நோக்குதல் வேண்டும். உதாரணமாக, இன்றைய பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்கள் பழைய திருச்சிராப்பள்ளி ஜில்லாவைச் சேர்ந்தவை. தெற்கே தஞ்சை நாயக்கரும் அவருக்குப் பின் மராட்டியரும் ஆள, மற்றொரு புறம் ஆர்க்காட்டு நவாபின் அதிகாரம் பரவி நிற்க, இடையே அரியலூர், உடையார்பாளையம் ஆகிய பாளையங்கள் தத்தம் படைகளுடன் விளங்கின. 1751இல், அந்நவாப் பதவிக்குப் போட்டியிட்ட இருவருள் முகம்மது அலிக்குத் துணைநின்ற ஆங்கிலேயரும் சந்தா சாகிபுக்குத் துணைநின்ற பிரெஞ்சுக்காரரும் வாலிகண்டபுரம், ரஞ்சன்குடிக்கோட்டைப் பக்கத்தில் மோதினர். இவ்வாறு பல தேசத்துச் சேனைகள் நடமாடிய பூமியில் ஓர் ஆயுதம் கிடைத்த இடத்தைக் கொண்டே அது செய்யப்பட்ட இடத்தை நிச்சயிப்பது பொருந்தாது.

தஞ்சை ஆயுதசாலை

தென்னாட்டுக் கட்டாரிகளை ஆராய்வோர்க்குத் தலையாய ஆதாரம் தஞ்சை அரண்மனை ஆயுதசாலையே. 1855இல் இரண்டாம் சிவாஜி மன்னர் காலமாகி அரசுரிமை முடிவுற்றபின், அங்கிருந்த ஆயுதங்களின் பெருங்குவியலிலிருந்து சில சென்னை அரசாங்க அருங்காட்சியகத்துக்குத் தெரிந்தெடுக்கப்பெற, எஞ்சியவை 1860களில் பழைய இரும்பாக உடைத்து விற்கப்பட்டன. சென்னை ராஜதானியின் அதிகாரியாயிருந்த வால்ஹவுஸ் இச்செய்தியை 1878இல் எழுதி வைத்தார். இரும்பின் விலைக்குப் போனது இரும்பு மாத்திரம் அன்று; எந்தக் கருமான் எந்தப் பட்டறையில் எந்த அரசனுக்காகச் செய்தான் என்பதை ஒப்பிட்டு அறிதற்குரிய வரிசையும் அதனோடு அழிந்தது. சென்னையிலும், நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திலும் பிற இடங்களிலும் எஞ்சியிருப்பவையே இன்று அளவுகோலாக நிற்கின்றன.

பிடியின் லக்ஷணங்கள்

காலநிர்ணயத்தைப் பிடியிலிருந்து தொடங்குவதே முறை. புறங்கையைக் கவிந்து காக்கும் எஃகுத் தகடு, அத்தகடு மேல்நோக்கி வளைந்து யாளித் தலையாக முடியும் அமைப்பு, தகட்டில் ஊடுருவ அறுத்த கொடிவேலைப்பாடு, நடுவே குமிழ் திரண்ட பிடிக்கம்பிகள் ஆகியவை ஒருங்கே காணப்படின், அது விஜயநகர, நாயக்கர் மரபைச் சார்ந்த 16, 17ஆம் நூற்றாண்டுத் தென்னாட்டு வேலை எனக் கொள்ளலாம். கைக்காப்பின்றி வெறும் சட்டங்களோடு அமைந்து, பொற்கம்பி பதித்த பூவேலையால் நிறைந்தது பெரும்பாலும் வடநாட்டு முகலாய, ராஜபுத்திர மரபினது. கத்தரிபோல் விரியும் அலகுடையனவும், கைத்துப்பாக்கி இணைத்தனவும் போர்த்தேவை குன்றி வேடிக்கை மிகுந்த பிற்காலத்தவை.

அலகும் உலோகமும்

அலகின் வரலாறு வேறாக இருக்கக்கூடும். போர்த்துகீசியர் முதலானோர் கடல்வழியே கொணர்ந்த ஐரோப்பிய வாள்களின் அலகுகளை வேண்டிய அளவுக்கு வெட்டி, பிடியிலிருந்து நீளும் இரண்டு தகட்டு நாக்குகளுக்கு இடையே வைத்து ஆணியறைந்து பொருத்துவது தஞ்சைப் பட்டறைகளில் சாதாரணமாக நிகழ்ந்தது. அலகில் ஓநாய் உருவம் முதலிய ஜெர்மானிய முத்திரை காணப்பட்டாலும் அதையே பூரணப் பிரமாணமாகக் கொள்ளலாகாது. புகழ்பெற்ற முத்திரைகளைப் பிறர் போலியாகப் பொறித்ததும் உண்டு. உள்நாட்டு அலகோ பல பள்ளங்களும் நடுவரம்பும் கொண்டு, கவசத்தைத் துளைக்கும் பொருட்டு முனை தடித்திருக்கும். ஏறத்தாழ 1.5 சதவீதம் கரி கலந்து மூசையில் உருக்கிய எஃகாயின், மென்மையான திராவகம் பட்டவுடன் நீர்வரி போன்ற ரேகைகள் மேற்பரப்பிற் புலப்படும். மேற்பூச்சாகத் தீட்டிய போலி ரேகை தேய்த்தால் நீங்கிவிடும்.

முடிவு கூறும் முறை

ஆகவே பிடிக்கு ஒரு காலமும் அலகுக்கு ஒரு காலமும் தனித்தனியே குறித்து, இரண்டும் இணைக்கப்பட்ட காலத்தை ஆணியும் நாக்குத் தகடும் காட்டும் சான்றால் மூன்றாவதாக நிர்ணயிப்பதே நேர்மையான முறை. ஆயுத பூஜையில் இட்ட குங்குமமும் சந்தனமும் சட்டங்களின் இடுக்குகளில் தங்கியிருப்பின், அவையும் அப்பொருளின் வாழ்க்கைக்குச் சாட்சியாதலால், உப்புத்தாள் கொண்டு தேய்த்துப் பளபளப்பாக்குவது சான்றையே அழிப்பதாகும். மண்ணிலிருந்து கிடைத்த புராதனப் பொருளை மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்கவேண்டுமென்று 1878ஆம் ஆண்டின் புதையற் சட்டம் விதிக்கிறது. நூறாண்டு கடந்த தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதை 1972ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டம் தடுக்கிறது. வீட்டுப் பரணிலோ வயல் வரப்பிலோ ஒரு கட்டாரியைக் கண்டெடுப்பவர், அதைத் துலக்குவதற்கு முன் தொல்லியல் அறிந்தவரிடம் காட்டுவது இந்நாட்டுக் கருமார் மரபுக்குச் செய்யும் கடமையாம்.