தில்லையில் ஒரு மதுரை ஆட்சி

"உங்கள் வீட்டில் மதுரையா, சிதம்பரமா?" புதிதாக மணமானவர்களைச் சீண்டுவதற்குத் தமிழ்நாட்டில் வெகுகாலமாகக் கேட்கப்பட்டுவரும் கேள்வி இது. மனைவி சொல் நடக்கும் வீடு மதுரை. கணவன் சொல் நடக்கும் வீடு சிதம்பரம். மதுரையில் மீனாட்சியை வணங்கிய பிறகே சுந்தரேசுவரர் சந்நிதிக்குப் போகிறோம். சித்திரைத் திருவிழாவில் அவளுக்கு முடிசூட்டிச் செங்கோல் அளிக்கிறார்கள். ஆவணி மூலத் திருவிழாவில் சுந்தரேசுவரர் முடிசூடும் வரை அவளுடைய ஆட்சிதான் என்பது ஐதீகம்.

ஆனால் இந்த வழக்குக்குள் ஒரு முரண் ஒளிந்திருக்கிறது. மனைவியின் ஒரு சொல்லுக்குக் கட்டுப்பட்டு இளமை முழுவதையும் உடலுறவின்றிக் கழித்த கணவனின் கதை நமக்கு மதுரையிலிருந்து வரவில்லை, சிதம்பரத்திலிருந்தே வருகிறது. அவர் திருநீலகண்ட நாயனார். அறுபத்து மூவருள் ஒருவராகச் சிவாலயங்களின் திருச்சுற்றில் நாம் கடந்து செல்லும் குயவர்.

இவர் பெயரைச் சுந்தரர் திருத்தொண்டத்தொகையில் சொல்கிறார். நம்பியாண்டார் நம்பியின் அந்தாதியில் கதையின் கரு வந்துவிடுகிறது. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் அதைப் பெரியபுராணத்தில் விரித்தார். அது எந்த அளவுக்கு நடந்த நிகழ்ச்சி என்பதை இனி யாரும் நிறுவ முடியாது. ஆனால் இல்லறத்தில் எதைச் சிறந்ததென ஒரு சமூகம் பல நூற்றாண்டுகள் நினைவில் வைத்திருந்தது என்பதற்கு அது வலுவான சான்று.

கதை எளிது. அடியார்களுக்குத் திருவோடு வனைந்து கொடுத்துவந்த குயவர், ஒருநாள் பரத்தை வீட்டுக்குப் போய்வருகிறார். மனைவி பொறுக்கவில்லை. வீட்டுக் கடமைகளையெல்லாம் குறைவின்றிச் செய்கிறாள். உடன் உறைய மட்டும் இசையவில்லை. ஊடல் தீர்க்க நெருங்கியவரை, அவர் தலைமேல் வைத்துப் போற்றும் திருநீலகண்டத்தின் மேல் ஆணையிட்டு, எம்மைத் தொடக்கூடாது என்று தடுக்கிறாள்.

இங்கேதான் கதை திரும்புகிறது. அவள் 'என்னை' என்று சொல்லவில்லை. 'எம்மை' என்று பன்மையில் சொல்லிவிட்டாள். வேறொருவனாக இருந்தால் அந்தப் பன்மையில் தப்பிக்க வழி தேடியிருப்பான். இவரோ, பெண் குலம் முழுவதையும் அந்தச் சொல் குறிக்கிறது என்று கொண்டு, எந்தப் பெண்ணையும் மனத்தாலும் தீண்டேன் என்று உறுதி கொள்கிறார். எல்லையை வகுத்தவள் மனைவி; அதைத் தானே விரித்துத் தன் நோன்பாக்கிக்கொண்டவர் கணவர். வெறும் தண்டனையாக முடிந்திருக்க வேண்டியது இருவருக்கும் உரிய நெறியாக மாறியது அந்த இடத்தில்தான்.

அந்த நோன்பு காக்கப்பட்ட விதமும் கவனிக்கத்தக்கது. அவர் துறவு பூணவில்லை, காட்டுக்குப் போகவில்லை. சிறிய வீடு, இருவரும் இளையவர்கள். அயலார் அறியாதபடி ஒரே வீட்டில் வாழ்ந்து முதுமை எய்தினார்கள். காவலாக நின்றது சொல் ஒன்றுதான்.

பின்னர் சோதனை வருகிறது. சிவயோகியாக வந்த இறைவன் ஓர் ஓட்டைக் கொடுத்துவைத்து, அதை மறையச் செய்து, திருப்பிக் கேட்கிறார். தான் திருடவில்லை என்பதற்கு மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு குளத்தில் மூழ்கிச் சத்தியம் செய்ய வேண்டுமாம். வழக்கு தில்லைவாழ் அந்தணர் அவைக்குப் போகிறது. அவர்களும் அவ்வாறே செய்யச் சொல்கிறார்கள். ஒரு கணம் கையைப் பிடித்திருந்தால் ஊரார் முன் திருட்டுப் பழி நீங்கியிருக்கும். அவரோ மூங்கில் தண்டின் ஒரு முனையைத் தான் பற்றி, மறுமுனையை மனைவியிடம் கொடுக்கிறார். கையைத்தான் பிடிக்க வேண்டும் என்று யோகி வற்புறுத்தியபோதுதான், இத்தனை காலம் மறைத்த செய்தியை ஊரறியச் சொல்கிறார். மூழ்கி எழுந்தபோது இருவரும் இளமை பெற்றிருந்தார்களாம். சிதம்பரத்தில் இளமையாக்கினார் கோயிலும் குளமும் இன்றும் உள்ளன.

மதுரையில் இதற்கு நேரெதிரான ஒரு நினைவு உண்டு. ராணி மங்கம்மாள் அரண்மனை என்று அறியப்பட்ட கட்டடத்தில் 1959இல் காந்தி நினைவு அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி அரையாடைக்கு மாறியதும் இதே ஊரில்தான். அவர் 1906இல் தென்னாப்பிரிக்காவில் பிரம்மசரிய விரதம் பூண்டார். அந்த முடிவுக்கு வந்த பிறகே கஸ்தூரிபாவிடம் தெரிவித்ததாகவும், அவர் மறுப்புச் சொல்லவில்லை என்றும் தம் சுயசரிதையில் எழுதினார். 1944இல் கஸ்தூரிபா மறையும் வரை அது நீடித்தது. அங்கே வகுத்தவர் கணவர், இசைந்தவர் மனைவி. தில்லைக் குயவர் வீட்டில் அந்த வரிசை தலைகீழாக இருந்தது.

சேக்கிழாரிடம் எனக்கு ஒரு குறையும் உண்டு. அந்த மனைவியின் பெயரை அவர் சொல்லவில்லை. அவளுடைய இளமையும் அதே வீட்டில்தானே கழிந்தது? கோபம் எப்போது ஆறியது, ஆணையை மீட்க நினைத்தாளா என்பதற்குக் காப்பியத்தில் விடையில்லை. கணவனின் நோன்பு புராணமாயிற்று. மனைவியின் நோன்பு அதற்குள் அடங்கிப்போயிற்று.

ஆயினும் ஒன்றை மறுக்க முடியாது. 'தொடாதே' என்று மனைவி சொன்னால் கணவன் தொடக்கூடாது என்பதை அந்தக் கதை விவாதத்துக்கே விடவில்லை. கடவுளே குளக்கரையில் வற்புறுத்தியும் அவர் அந்தச் சொல்லை மீறவில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவோ, பதினெட்டு வயது நிறைந்த மனைவியைக் கணவன் வன்புணர்ந்தால் அது வன்புணர்ச்சிக் குற்றமாகாது என்ற பழைய விலக்கைத் தக்கவைத்துக்கொண்டிருக்கிறது.

அடுத்த முறை யாராவது "மதுரையா, சிதம்பரமா?" என்று கேட்டுச் சிரித்தால், நாம் அந்த மூங்கில் தண்டை நினைத்துக்கொள்ளலாம். அதன் ஒரு முனையில் ஒருத்தியின் சொல், மறுமுனையில் அதை மதித்த ஒருவன். அந்த வீட்டை எந்த ஊரில் சேர்ப்பது என்பதை நண்பர்களே தீர்மானிக்கட்டும்.