விண்ணேறுமா தரவு மையங்கள்?

கணிப்பொறி தோன்றிய நாள்தொட்டு அதனை விடாது தொடர்ந்து வரும் சிக்கல் வெப்பமாகும். அதற்கு ஊட்டப்படும் மின்னாற்றல் ஏறக்குறைய முழுவதும் இறுதியில் வெப்பமாகவே மாறுகின்றது. ஆயிரக்கணக்கான கணிப்பொறிகள் ஒருங்கே இயங்கும் தரவு மையங்கள் மின்சாரத்தையும் நீரையும் பெருமளவில் வேண்டி நிற்கின்றன. நிலமும் ஆற்றல்வளமும் அருகிய சிங்கப்பூர், 2019இல் புதிய மையங்களுக்கு இசைவளிப்பதை நிறுத்தி வைத்தது. 2022இல் கடும் வரையறைகளுடன் மீண்டும் தொடங்கியது. இதற்கிடையே ஜொகூர் மாநிலத்தில் அத்தகைய மையங்கள் பெருகலாயின.

இத்தகைய நெருக்கடி, அறிஞர் சிலரின் பார்வையை விண்வெளியின்பால் திருப்பியுள்ளது. அங்கே மேகமில்லை, கதிரவனை நோக்கிய ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஏறத்தாழ 1,361 வாட் ஆற்றல் விழுகின்றது. விண்வெளி குளிர்ந்தது, ஆதலின் வெப்பம் தானே நீங்கிவிடும் என்று கருதுவோரும் உளர். இக்கருத்து ஆராயத்தக்கது.

1892இல் ஜேம்ஸ் டூவர் என்னும் அறிவியலார், இரட்டைச் சுவர்க் குடுவை ஒன்றை அமைத்து இடையிலிருந்த காற்றை அகற்றினார். அதன் வழிவந்ததே தேநீரின் சூட்டைக் காக்கும் தெர்மாஸ் குடுவை. வெற்றிடத்தில் வெப்பக் கடத்தலுக்கு இடமில்லை என்பதற்கு இதனினும் எளிய சான்று வேண்டா. அங்கே வெப்பம் வெளியேறக் கதிர்வீச்சு ஒன்றே வழியாகும். அதன் விதியை 1879இல் ஜோசப் ஸ்டெஃபான் கண்டறிந்தார். 1884இல் லுட்விக் போல்ட்ஸ்மன் கோட்பாட்டால் நிறுவினார். அவ்விதிப்படி, 27 பாகை செல்சியஸ் வெப்பநிலையிலுள்ள ஒரு சதுர மீட்டர் பரப்பு வெளியிடக்கூடியது ஏறத்தாழ 460 வாட்டே. எனவே, ஒரு மெகாவாட் மையத்திற்கு 2,000 சதுர மீட்டருக்கும் மேற்பட்ட பரப்புத் தேவை. தகடுகளின் சூட்டை உயர்த்தினால் பரப்புக் குறையும். ஆயின் கருவிகள் அச்சூட்டைத் தாங்க வேண்டும். இன்றைய பெரும் மையங்களோ நூறு மெகாவாட்டையும் விஞ்சுவன.

1969இல் மனிதரை நிலவுக்கு வழிநடத்திய கணிப்பொறிக்கு ஏறத்தாழ 55 வாட்டே போதுமானதாயிற்று. அனைத்துலக விண்வெளி நிலையம், குழாய்களில் அம்மோனியாவை ஓடச்செய்து அகன்ற தகடுகளின் வழியே வெப்பத்தை வெளியேற்றுகின்றது. 2017இல் அந்நிலையத்திற்கு அனுப்பப்பட்ட கணிப்பொறியொன்று 2019இல் பூமிக்குத் திரும்பியது. 2025 நவம்பரில் ஸ்டார்கிளவுட் நிறுவனம் ஆற்றல்மிக்க என்விடியா சில்லினைச் சிறு துணைக்கோளில் வைத்து ஏவியது.

ஆகவே, இயற்பியல் விதி விண்வெளி மையத்தைத் தடுக்கவில்லை. தகடுகளின் எடையும் ஏவும் செலவும் பழுதுபார்க்கும் அருமையுமே தடைகள். துணைக்கோள்கள் எடுக்கும் படங்களை அங்கேயே ஆராய்வதற்குச் சிறு மையங்கள் விரைவில் பயன்படக்கூடும். பெரும் மையங்கள் விண்ணேறும் என நம்பி, மண்ணில் நீரையும் மின்சாரத்தையும் சிக்கனமாக ஆளும் முயற்சியைத் தளர்த்துதல் அறிவுடைமை ஆகாது.