ஆபரேஷன் யாருக்கு?

1971 ஜூலையில் எர்ணாகுளம் டவுன் ஹாலுக்குக் கேரளத்தின் பல ஊர்களிலிருந்து ஆண்கள் வந்துகொண்டே இருந்தார்கள். உள்ளே வரிசையாக மேசைகள் போட்டிருந்தார்கள். மரத்துப்போக ஒரு ஊசி, சின்ன வெட்டு, விந்துக்குழாயைக் கட்டி அறுத்து ஓரிரு தையல். சற்று நேரம் படுத்திருந்துவிட்டு, ரொக்கத்தையும் பரிசுப் பொருள்களையும் வாங்கிக்கொண்டு அன்றே வீடு திரும்பினார்கள். மாவட்ட கலெக்டர் எஸ். கிருஷ்ணகுமார் நடத்திய அந்த ஒரு மாத முகாமில் மட்டும் ஏறத்தாழ 63,000 ஆண்கள் கருத்தடை செய்துகொண்டார்கள். அங்கே செய்துகொண்ட பெண்கள் சில நூறு பேர்தான்.

2019–21இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வு காட்டும் படம் நேர் எதிரானது. தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் 57.8 விழுக்காட்டினர் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். கணவர் செய்துகொண்டதாகச் சொன்னவர்கள் 0.1 விழுக்காடு. நாடு முழுவதற்கும் பார்த்தால் 37.9க்கு 0.3. பிள்ளை பெற்று முடித்தபின் ஆபரேஷன் என்றால் அது பெண்ணுக்குத்தான் என்று இன்று எல்லாரும் நினைக்கிறோம். காலங்காலமாக அப்படித்தான் இருந்தது என்றும் நினைக்கிறோம். ஆனால் அரை நூற்றாண்டுக்கு முன் நிலைமை வேறு. ஆணிடமிருந்த ஒரு பொறுப்பு சில ஆண்டுகளில் பெண்ணின் தலையில் வந்து விழுந்தது.

கருத்தடைப் பேச்சு இங்கே தொடங்கியது சுதந்திரத்துக்கு முன்பே. பம்பாயில் ர.தோ. கார்வே 1921லேயே கருத்தடை ஆலோசனை நிலையம் திறந்தார். இந்தப் பிரச்சாரத்துக்காகவே கல்லூரி ஆசிரியர் வேலையை இழந்தார். மைசூர் சமஸ்தானம் 1930இல் அரசு மருத்துவமனைகளிலேயே அதற்கான நிலையங்களைத் தொடங்கியது. சென்னையில் 1928இல் உருவான நியோ மால்தூசியன் சங்கத்தில் வேபா ராமேசம் போன்ற நீதிபதிகளும் வழக்கறிஞர்களும் முன்னின்றார்கள். அவர்கள் பேசியது வறுமை பற்றி, நாட்டின் மக்கள்தொகை பற்றி.

பெரியார் இங்கேதான் வேறுபட்டார். தாயின் உடல்நலத்துக்காகவும் குடும்பச் செலவுக்காகவும் கர்ப்பத்தடை வேண்டும் என்று மற்றவர்கள் சொல்ல, பெண் சுதந்திரமாக இருப்பதற்கே அது வேண்டும் என்று அவர் எழுதினார். ‘பெண் ஏன் அடிமையானாள்?’ நூலில் கர்ப்பத்தடைக்குத் தனி அத்தியாயமே உண்டு. எத்தனை பிள்ளை, எப்போது, பெறுவதா வேண்டாமா என்பதில் முடிவு பெண்ணுடையது என்ற அந்த வாதத்தை அரசுத் திட்டங்கள் பிற்காலத்தில் கையில் எடுக்கவில்லை. அவை கையில் எடுத்தது எண்ணிக்கையை.

1952இல் இந்தியா குடும்பக் கட்டுப்பாட்டை அரசுத் திட்டமாக்கியது. முதலில் நாள் எண்ணிச் சேரும் முறையைத்தான் பெரிதாகப் பேசினார்கள். நிரந்தர ஆபரேஷனை முன்னே கொண்டுவந்ததில் சென்னை மாநிலத்துக்குத் தனி இடம் உண்டு. 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஆர்.ஏ. கோபாலசாமி பிறகு சென்னையில் தலைமைச் செயலாளரானார். பிறப்புக் கணக்கை ஊர் ஊராகப் பார்த்தவர் அவர். போதுமான பிள்ளை பெற்றவர்களுக்கு அறுவை சிகிச்சையே வழி என்று முடிவுக்கு வந்திருந்தார். 1950களின் பிற்பகுதியில் அரசு மருத்துவமனைகளில் இந்த ஆபரேஷன் இலவசமாயிற்று. செய்துகொள்ளும் ஏழைகளுக்கு 30 ரூபாய் கொடுத்தார்கள். ஆள் அழைத்து வருபவருக்கும் தொகை உண்டு என்றானது. இந்த ஏற்பாட்டைப் பிற்பாடு நாடே பின்பற்றியது.

அந்நாளில் பெரும்பாலும் மேசையில் படுத்தவர் ஆண். காரணம் எளிது. அன்று பெண்ணுக்கு ஆபரேஷன் என்றால் வயிற்றைத் திறக்க வேண்டும். மயக்க மருந்து வேண்டும், படுக்கை வேண்டும், பல நாள் தங்கவும் வேண்டும். ஆணுக்கு விந்துக்குழாய் தோலுக்கு அடியிலேயே விரலுக்குத் தட்டுப்படும் இடத்தில் இருக்கிறது. பத்துப் பதினைந்து நிமிட வேலை. ஒரு பள்ளிக்கூட அறையே போதும். குடும்பக் கட்டுப்பாட்டுச் சின்னமான சிவப்பு முக்கோணமும் ‘நாம் இருவர் நமக்கு இருவர்’ வாசகமும் சுவர்களில் ஏறிய காலத்தில், 1972–73இல், நாட்டில் ஆபரேஷன் செய்துகொண்ட ஆறு பேரில் ஐந்து பேர் ஆண்கள்.

முகாம்களின் வேகத்திலேயே கேடும் இருந்தது. கூட்டம் கூடக்கூடக் கருவிகளைச் சுத்தம் செய்ய நேரம் குறைந்தது. உத்தரப் பிரதேசத்தின் கோரக்பூரில் முகாமில் ஆபரேஷன் செய்துகொண்ட ஆண்கள் சிலர் 1972இல் தனுர்வாதம் கண்டு இறந்தார்கள். இன்னொரு பக்கம், ஆசிரியரும் வருவாய்த் துறை ஊழியரும் ‘கேஸ்’ பிடித்துக் கொடுத்தாக வேண்டும் என்ற நெருக்கடி வளர்ந்தது. வறுமையில் இருப்பவருக்கு நீட்டப்படும் ரொக்கம் எந்த அளவுக்கு விருப்பம், எந்த அளவுக்குக் கட்டாயம் என்று அன்று யாரும் நின்று கேட்கவில்லை.

நெருக்கடி நிலையில் அந்தத் திரையும் விலகியது. 1976 ஏப்ரலில் வந்த மக்கள்தொகைக் கொள்கைக்குப் பின் மாநிலங்கள் ஒன்றோடொன்று போட்டி போட்டன. சம்பளம், ரேஷன் அட்டை, வீட்டு மனை என்று எல்லாவற்றுக்கும் ஆபரேஷன் சான்றிதழ் கேட்கப்பட்டது. ஹரியானாவின் உட்டாவர் கிராமத்தைப் போலீஸ் விடியற்காலையில் வளைத்து ஆண்களைப் பிடித்துச் சென்றது. 1976–77இல் மட்டும் 81 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆபரேஷன்கள் நடந்தன. அவற்றில் ஏறத்தாழ முக்கால் பங்கு ஆண்களுக்கு. மணமாகாதவர்களுக்குச் செய்ததாகவும், சாவு நேர்ந்ததாகவும் நெருக்கடி நிலை அத்துமீறல்களைப் பிறகு விசாரித்த ஷா கமிஷனுக்கு நூற்றுக்கணக்கில் புகார்கள் வந்தன.

1977 தேர்தலில் வட இந்தியா இதற்குப் பதில் சொன்னது. ஆட்சி மாறியது. துறையின் பெயர் குடும்ப நலம் என்று மாறியது. அடுத்த ஆண்டில் மொத்த ஆபரேஷன்கள் 10 லட்சத்துக்கும் கீழே சரிந்தன. செய்துகொண்டவர்களில் ஐந்தில் நான்கு பேர் பெண்கள். ஆண்களைத் தொட்டால் ஓட்டுப் போய்விடும் என்ற பாடத்தை எல்லாக் கட்சிகளும் படித்துக்கொண்டன. திட்டத்தை யாரும் கைவிடவில்லை, ஆளைத்தான் மாற்றினார்கள். அதே வேளையில் லேப்ராஸ்கோப் கருவி வந்து பெண்ணின் ஆபரேஷனையும் சுருக்கியது.

தமிழ்நாட்டில் மாற்றம் வேறு வழியில் நிலைபெற்றது. இங்கே பெண்கள் பிரசவத்துக்கு மருத்துவமனைக்கு வரத் தொடங்கியிருந்தார்கள். பிள்ளை பிறந்த ஓரிரு நாளில் கர்ப்பப்பை இன்னும் தொப்புள் அருகிலேயே இருக்கும். தொப்புளுக்குக் கீழே சிறு கீறல் போட்டால் கருக்குழாய்கள் கைக்கு எட்டும். ஒவ்வொன்றையும் வளையமாகத் தூக்கிக் கட்டி, வளையத்தை வெட்டி எடுத்துவிடுவார்கள். சிசேரியன் என்றால் அதே வெட்டிலேயே முடித்துவிடலாம். எப்படியும் வார்டில் இருக்கப்போகிறவர், இன்னொரு முறை அலைய வேண்டாம், வீட்டில் பிள்ளையைப் பார்க்க அம்மா இருக்கிறார் என்று எல்லாம் பொருந்தி வந்தன. பலருக்கு இருபதுகளின் நடுவிலேயே இது முடிந்துவிடுகிறது.

வீட்டுக்குள்ளும் காரணங்கள் இருந்தன. “அவரு பாரம் தூக்குற மனுஷன், அவருக்கு எதுக்கு?” என்று மறுத்தவர்களில் மனைவியும் மாமியாரும் உண்டு. ஆண்மை போய்விடும், உடம்பு தளர்ந்துவிடும் என்ற பயத்துக்கு மருத்துவத்தில் ஆதாரம் இல்லை. அடைபடுவது விந்தணு வரும் வழி மட்டுமே. பெண்களுக்கு இன்னொரு பயம் இருந்தது, அது நியாயமானது. ஆணுக்குச் செய்தபின் விந்தணு முழுதாக நீங்க மூன்று மாதம் ஆகும். இதை யாரும் விளக்காததால் அந்த இடைவெளியில் மனைவி கருவுற்றால் பழி அவள்மேல் விழுந்தது. அந்தப் பழிக்குப் பயந்தே தனக்கே செய்துகொள்கிறேன் என்ற பெண்கள் பலர்.

இந்த ஆபரேஷன் தமிழ்ப் பெண்களுக்குக் கொடுத்ததைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஏழெட்டுப் பேறுகாலம் கண்ட பாட்டிகளின் பேத்திகள் இரண்டோடு நிறுத்திக்கொண்டு வேலைக்குப் போனார்கள். ஆனால் விலை கொடுத்ததும் அவர்களே. 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் அருகே ஒரே நாளில், சில மணி நேரத்தில், ஒரே மருத்துவர் 83 பெண்களுக்கு ஆபரேஷன் செய்தார். அவரிடமும் அக்கம்பக்க முகாம்களிலும் செய்துகொண்ட 13 பெண்கள் இறந்தார்கள். 2016இல் உச்ச நீதிமன்றம் இத்தகைய முகாம்களை மூன்றாண்டுக்குள் நிறுத்தும்படி உத்தரவிட்டது.

நிரந்தரம் என்பதன் கனத்தைத் தமிழகக் கடற்கரை 2004 சுனாமிக்குப் பிறகு உணர்ந்தது. நாகப்பட்டினம் பகுதி மீனவக் குடும்பங்களில் பெற்ற பிள்ளைகள் அனைவரையும் ஒரே காலையில் பறிகொடுத்த தாய்மார்களில் பலர் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். கருக்குழாயை மறுபடி இணைக்கும் சிகிச்சையை அரசு இலவசமாகச் செய்துதர முன்வந்தது. சிலர் மீண்டும் தாயானார்கள். ஆனால் அந்த இணைப்பு எல்லாருக்கும் பலிப்பதில்லை. ஆபரேஷனுக்கு முன்பே சொல்லப்பட வேண்டிய செய்தி இது.

அரசு வழிகாட்டுதல்படி, செய்துகொள்பவரின் சம்மதம் போதும். கணவன் அல்லது மனைவியின் கையெழுத்து தேவையில்லை. ஊக்கத்தொகையும் ஆணுக்கே கூடுதல். ஆண்டுதோறும் நவம்பரில் ஆண்களுக்கான கருத்தடை இருவார விழாவும் நடக்கிறது. தழும்பும் தையலும் இல்லாத முறையைச் சீன மருத்துவர் லி ஷுன்சியாங் 1974லேயே உருவாக்கினார். இந்திய அரசு மருத்துவமனைகளிலும் அது கிடைக்கிறது. ஆனாலும் 2019–21 ஆய்வில் தமிழ்நாட்டு ஆண்களின் பங்கு 0.1 விழுக்காட்டைத் தாண்டவில்லை, ஏனென்றால் ஆபரேஷன் யாருக்கு என்ற கேள்வி இன்னும் பிரசவ வலியில் இருப்பவரிடமே கேட்கப்படுகிறது. அதைக் கர்ப்ப காலப் பரிசோதனையின்போதே, கணவனும் உடனிருக்கும்போது கேட்க வேண்டும். இருவருக்கும் உள்ள ஆபரேஷன்களோடு காப்பர்-டி, ஊசி, மாத்திரை, ஆணுறை எல்லாவற்றையும் விளக்க வேண்டும். ஆண் செய்துகொண்டால் மூன்று மாதம் கழித்து விந்துப் பரிசோதனைக்கு வரச்சொல்லி, வரவில்லையென்றால் கிராம சுகாதார செவிலியர் வீடு தேடிப் போய் நினைவூட்ட வேண்டும். பேறுகாலப் பெண்ணின் தடுப்பூசித் தேதி வரை குறித்துவைத்துப் பின்தொடரும் தமிழக சுகாதாரத் துறையால் இது முடியும்.