எலும்புகளைப் படிக்கும் படிப்பு

தடயவியல் மானிடவியலில் முதுமாணிப் படிப்புக்கு இடம் கிடைத்த ஒரு பிள்ளை எந்தெந்தப் பாடங்களைத் தெரிவுசெய்ய வேண்டும்? கட்டாரின் வடகிழக்குக் கரையில், ராஸ் லஃபான் எரிவாயு நகரத்துத் தொழிலாளர் உணவுச்சாலையொன்றில் கோப்பை கழுவும் எம்மிடம் இக்கேள்வி வந்தது சிலருக்கு வேடிக்கையாக இருக்கலாம். எம்மோடு வேலைசெய்யும் அரியாலைத் தம்பியின் தங்கை பிரித்தானியாவில் படிக்கிறாள். "உங்களோடை நிக்கிற அண்ணை கம்பசிலை படிச்சவர்தானே, அவரிட்டைக் கேட்டுச் சொல்லுங்கோ" என்று பாடப் பட்டியலை அனுப்பியிருந்தாள். நாமோ பட்டத்தை முடிக்காமலே ஊரைவிட்டு வந்தவர்கள். ஆயினும், காணாமல் ஆக்கப்பட்டோரைத் தேடி எலும்பைப் படிக்கும் மரபே படிப்பை முடிக்காத மாணவர்களிடமிருந்துதான் தொடங்குகிறது. அதனால் பதில் சொல்லத் துணிந்தோம்.

ஆர்ஜென்டீனாவில் 1976 முதல் 1983 வரை இராணுவ ஆட்சி நடந்தது. ஆட்சி வீழ்ந்ததும் பெயரற்ற கல்லறைகளைத் தோண்ட நீதிபதிகள் உத்தரவிட்டனர். மண்வாரி இயந்திரங்கள் தோண்டின. எலும்புகள் உடைந்து ஒன்றோடொன்று கலந்தன. சாட்சியம் அழிவதைக் கண்டவர்கள் வெளிநாட்டு உதவியை நாடினர். 1984இல் அமெரிக்கரான கிளைட் ஸ்னோ அங்கு சென்றார். அவரோடு இறங்கியவர்கள் மானிடவியல், தொல்லியல், மருத்துவ மாணவர்கள். துரிகையும் சிறு கரண்டியுமாகக் குழிக்குள் குந்தியிருந்து கற்றார்கள். அவர்களே ஆர்ஜென்டீனத் தடயவியல் மானிடவியல் குழுவாயினர். அன்று மருத்துவ மாணவராயிருந்த மொரிஸ் டிட்பால்-பின்ஸ், 2021இல் சட்டவிரோதக் கொலைகள் தொடர்பான ஐ.நா. சிறப்பு அறிக்கையாளரானார்.

எமது மண்ணுக்கு வருவோம். இந்த ராஸ் லஃபானிலிருந்து முதலாவது திரவ எரிவாயுக் கப்பல் யப்பானுக்குப் புறப்பட்டது 1996இன் இறுதியில். அதே ஆண்டில்தான் யாழ்ப்பாணத்தில் நூற்றுக்கணக்கானோர் காணாமல் போயினர். செப்ரெம்பரில் கைதடிக் காவலரணில் மறிக்கப்பட்ட மாணவி கிருஷாந்தி குமாரசுவாமியும், அவரைத் தேடிச் சென்ற தாயும் தம்பியும் அயலவரும் கொல்லப்பட்டனர். அவ்வழக்கில் 1998இல் தண்டிக்கப்பட்ட சோமரத்ன ராஜபக்ச, செம்மணியில் 300 முதல் 400 உடல்கள் வரை புதைக்கப்பட்டதாகச் சொன்னார். 1999இல் தோண்டியபோது 15 உடல்கள் கிடைத்தன. பின்பு ஒரு தலைமுறைக் காலம் மௌனம். 2025இல் செம்மணி சிந்துபாத்தி மயானத்தில் கட்டட வேலைக்கு மண் வெட்டியபோது எலும்புகள் வெளிவந்தன. செப்ரெம்பர் தொடக்கத்துக்குள் 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் அடையாளம் காணப்பட்டன. சிறுவர்களும் அவற்றுள் அடக்கம்.

ஆகவே அந்தப் பிள்ளைக்கு நாம் சொன்ன முதற் பாடம் தொல்லியல் அகழ்வு. மன்னார் சதொச வளவில் 2018இல் கட்டடத்துக்கு அத்திவாரம் வெட்டியபோதும், கொக்குத்தொடுவாயில் 2023இல் நீர்க்குழாய் பதிக்கத் தோண்டியபோதும்தான் புதைகுழிகள் தெரியவந்தன. எமது குழிகளை முதலில் தொடுவது பெரும்பாலும் இயந்திரமே. அது கலைத்த மண்ணில் எந்தப் படை எந்தக் காலத்தது என்று பிரித்தறியத் தெரிய வேண்டும்.

இரண்டாவது காலக்கணிப்பு. மாத்தளை வைத்தியசாலை வளவில் 2012இல் 150க்கும் மேற்பட்டோரின் எலும்புகள் கிடைத்தன. தொல்லியலாளர் ராஜ் சோமதேவ அவற்றை 1986க்கும் 1990க்கும் இடைப்பட்டவை என்றார். பின்னர் அமெரிக்க ஆய்வுகூட முடிவைக் காட்டி அவை 1950க்கு முந்தியவை எனப்பட்டது. மன்னாரில் 300க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகளில் ஆறு மாதிரிகள் மட்டும் புளோரிடாவுக்குப் போயின. 1404க்கும் 1635க்கும் இடைப்பட்டவை என 2019இல் முடிவு வந்தது, அகழ்வும் நின்றது. 1950களிலும் 60களிலும் நடந்த அணுகுண்டுப் பரிசோதனைகள் காற்றிலுள்ள கதிரியக்கக் கரிமத்தைக் கூட்டின. அதற்குப் பின் வாழ்ந்தவரின் எலும்பில் அந்தச் சுவடு இருக்கும். ஆனால் அந்தக் கணக்கை மண்படை, துணி, நாணயம், பொத்தான் ஆகியவற்றோடு சேர்த்தே வாசிக்க வேண்டும். முடிவை ஏற்கவோ மறுக்கவோ எமக்கு அந்தக் கணக்கு விளங்க வேண்டும்.

மூன்றாவது எலும்பியல். இடுப்பெலும்பு ஆணா பெண்ணா என்று சொல்லும். பல்லும் எலும்பு முனைகளின் இணைவும் இளையோரின் வயதைச் சொல்லும். தொடையெலும்பின் நீளம் உயரத்தைச் சொல்லும். ஆனால் உயரத்துக்கு உலகெங்கும் வழங்கிவந்த ட்ரொட்டர், கிளெசர் சூத்திரங்கள் 1950களில் பெரும்பாலும் அமெரிக்கப் படையினரின் உடல்களை அளந்து ஆக்கப்பட்டவை. எமது மக்களின் அளவுகளை வைத்து ஆய்வேட்டை எழுதும்படி சொன்னோம்.

நான்காவது சட்டம். இலங்கையில் குழியைத் தோண்டுவது நீதவானின் உத்தரவில், சட்ட வைத்திய அதிகாரியின் முன்னிலையில். எலும்பு யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற பதிவு அறுந்தால் வழக்கும் அறும். 1991இல் வெளிவந்து 2016இல் திருத்தப்பட்ட ஐ.நா.வின் மினசோட்டா நெறிமுறையை அவள் வரிக்குவரி படிக்க வேண்டும். சாவுக்குக் காரணம் கேட்பது போர் நடந்த நாட்டுக்கு மட்டும் உரியதல்ல. திடீரென இறக்கும் குடிபெயர் தொழிலாளரின் உடலைப் பிரேத பரிசோதனை செய்ய வழிவிடுமாறு சட்டத்தைத் திருத்தும்படி, கட்டார் அரசு கேட்டுப் பெற்ற டி.எல்.ஏ. பைப்பர் அறிக்கையே 2014இல் பரிந்துரைத்தது. வெறும் 'இயற்கை மரணம்' என்று எழுதிய தாளோடு பெட்டி வரும் வீட்டுக்கும் இந்தப் படிப்பு வேண்டும்.

ஐந்தாவது பாடம் உறவினரிடம் விபரம் திரட்டல். பட்டியலில் அது விருப்பப் பாடமாக இருந்தது. நாம் அதைக் கட்டாயப் பாடமாக்கச் சொன்னோம். எலும்பிலிருந்து எவ்வளவு அறிந்தாலும் ஒப்பிட்டுப் பார்க்க மறுபக்கத்தில் ஒரு மனிதன் வேண்டும். எந்தப் பல் கழற்றப்பட்டது, மாமரத்தால் விழுந்து எந்தக் கை முறிந்தது, கடைசியாக உடுத்திருந்த சாரம் என்ன நிறம் என்பதெல்லாம் தாயின் நினைவில்தான் இருக்கின்றன. மரபணுவை ஒப்பிடவும் அவளது ஒரு துளி உமிழ்நீர் வேண்டும். கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20 அன்று பந்தலிட்டு அமர்ந்த பெற்றோரில் பலர் பதில் கிடைக்காமலே இறந்துவிட்டார்கள். குழிக்குள் இருக்கும் எலும்பு இன்னும் சில காலம் காத்திருக்கும். தாய்மார் காத்திருக்க மாட்டார்கள்.

இந்தப் பாடத்துக்கு மட்டும் பல்கலைக்கழக அனுமதி தேவையில்லை. ரொறன்ரோவிலோ பாரிசிலோ தொலைந்தவரின் அக்காவோ தம்பியோ இருந்தால், ஒரு கொப்பியை எடுத்து அவரது உயரத்தையும் பல்லையும் முறிவையும் தழும்பையும் திகதியிட்டு எழுதி வைக்கலாம். படித்து முடித்து வரும் பிள்ளைகள் முதலில் கேட்கப்போவது அந்தக் கொப்பியைத்தான்.