ஒன்றாம் வகுப்பு (மும்பைத் தமிழ்ப் பிள்ளைகள்)

தாராவி, மாட்டுங்கா, செம்பூர், சீத்தா கேம்ப் முதலிய மும்பைப் பகுதிகளில் வாழும் தமிழ்ப் பிள்ளைகள் ஆறு வயதையொட்டித் தொடங்கும் முதல் பள்ளியாண்டு. அக்கம்பக்கத்து மராத்தியில் இதன் பெயர் ‘பஹிலி’. ஜூன் மாதம், பருவமழை இறங்கும் நாள்களில் பள்ளி திறக்கும். மாநகராட்சி தன் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசமாக வழங்கும் 27 வகைப் பொருள்களில் சீருடை, பை, நோட்டு ஆகியவற்றோடு மழைக்கான பொருளும் சேர்ந்திருப்பது அதனால்தான். மராத்தி, இந்தி, உருது, குஜராத்தி, ஆங்கிலம், தமிழ், தெலுங்கு, கன்னடம் என எட்டு மொழிகளில் தொடக்கக் கல்வி தந்த மாநகராட்சி இது. தமிழ்வழி வகுப்பில் சேரும் பிள்ளை 247 தமிழ் எழுத்துகளின் வாசலில் நிற்கும் அதே ஆண்டில் ஆங்கிலத்தையும் மராத்தியையும் தொடங்கிவிடுகிறது.

இந்தக் கல்வியின் வேர் மும்பையில் இல்லை. தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிகளில் இருக்கிறது. அதைப் பற்றித்தான் பதிவுகளும் மிகுதி. பிள்ளையின் விரலைப் பிடித்து மணலில் எழுத வைப்பதே முதல் பாடம். எழுத்தைக் கண் பார்க்கும், விரல் வரையும், வாய் உரக்கச் சொல்லும். கை பழகிய பிறகே ஓலையும் எழுத்தாணியும். எழுத்துப் பாடத்துக்குரிய ஏட்டின் பெயர் அரிச்சுவடி. பாடம் தொடங்கும்போது சொல்லும் ‘ஹரி’ என்ற வணக்கத்திலிருந்து அப்பெயர் வந்தது என்பது பரவலான விளக்கம். ஆத்திசூடியும் கொன்றை வேந்தனும் அதை அடுத்து மனப்பாடமாகும். வாத்தியார் இல்லாத வேளையில் சட்டாம்பிள்ளை வகுப்பை நடத்துவான்.

உ.வே. சாமிநாதையர் ‘என் சரித்திரம்’ நூலில் இப்படியொரு பள்ளியைத் தம் நினைவிலிருந்தே விவரித்திருக்கிறார். மாலையில் வீடு திரும்பும் பிள்ளைகளுக்கு உபாத்தியாயர் பூ, பறவை போன்றவற்றின் பெயர்களைச் சொல்லி அனுப்புவார். மறுநாள் அவற்றை மறவாமல் திருப்பிச் சொல்ல வேண்டும். பிரம்படி நிறைந்த அந்தக் கல்விமுறையில், ஒரு பூவின் பெயரை இரவு முழுதும் மனத்தில் சுமந்து வரும் இந்தப் பயிற்சி தனித்து மணக்கிறது.

கணக்கு எண்சுவடியில் இருந்தது. இன்று ஒன்றாம் வகுப்பில் பின்னம் கிடையாது. அன்றைய பிள்ளையோ வாய்பாட்டோடு வாய்பாடாகச் சிறு வயதிலேயே அதையும் ஒப்பித்தது. மா என்றால் இருபதில் ஒன்று, காணி என்றால் எண்பதில் ஒன்று, முந்திரி என்றால் முந்நூற்றிருபதில் ஒன்று. நிலமும் நெல்லும் பொன்னும் அளக்கப்பட்ட ஊரில் இவை அன்றாடத் தேவை. அளவுகள் மாறியதும் அந்த வாய்பாடுகளுக்கு வேலை இல்லாமல் போயிற்று.

சென்னை எழும்பூரில் ஆண் அநாதைச் சிறுவர் விடுதியை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல், மணலில் எழுதும் இந்த முறையை ஒரு ‘மலபார்’ பள்ளியில் கண்டு, தம் விடுதியிலும் புகுத்தினார். பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டையும் சேர்த்து 1797இல் லண்டனில் நூலாக்கினார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரோடு அது இங்கிலாந்தெங்கும் பரவியது. அக்கால ஐரோப்பியர் தமிழரையும் மலபாரிகள் என்றே எழுதியதால், பெல் பார்த்தது தமிழ்ப் பள்ளியா மலையாளப் பள்ளியா என்பதில் இரு கருத்துகளுக்கும் இடமுண்டு.

ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் தொடங்கிய கணக்கெடுப்பின்படி சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்தனர். ஆய்வாளர் தரம்பால் 1983இல் வெளியிட்ட நூலில் இந்த ஆவணங்களைக் கொண்டு பழைய கல்வியின் பரப்பை எடுத்துக்காட்டினார். அந்த எண்களை அவ்வளவு நம்பிக்கையோடு படிக்க முடியாது என்போரும் உண்டு. ஒன்றைத் தயங்காமல் சொல்லலாம். பின்னாளில் பம்பாய்க்கு ரயிலேறியவர்களில் பலர் ஆதிதிராவிடக் குடும்பத்தினர். அவர்களுடைய முன்னோரில் பெரும்பாலோருக்குத் திண்ணைப் பள்ளியின் திண்ணை எட்டாத இடம்.

அந்தக் குடும்பங்கள் தாராவியில் இறங்கின. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்கள் தோல் பதனிடும் தொழிலில் சேர்ந்தார்கள். தாராவியின் படி மசூதி 1887இலும், தமிழர் கட்டிய விநாயகர் கோயில் 1913இலும் எழுந்தன. 1924இல் பள்ளி வந்தது. தாராவியின் முதல் பள்ளி, பம்பாயின் முதல் தமிழ்ப் பள்ளி என்ற இரு பெருமைகளும் அதற்கே தரப்படுகின்றன. மறு ஆண்டு நகராட்சி, கட்டாயத் தொடக்கக் கல்வியை எஃப், ஜி வார்டுகளில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இன்றைய பிரிவினைப்படி மாட்டுங்கா எஃப் வடக்கிலும் தாராவி ஜி வடக்கிலும் உள்ளன. மாட்டுங்காவில் தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932இல் தோன்றியது. 1976இல் ஜனதா காலனி என்ற குடிசைப் பகுதியை இடித்தபோது அங்கிருந்த தமிழர்கள் சீத்தா கேம்ப்புக்குப் பெயர்க்கப்பட்டார்கள். செம்பூருக்குக் கிழக்கே தமிழ்ப் பிள்ளைகள் திரண்டது அப்படித்தான்.

மும்பையின் தனித்தன்மை சிலேட்டிலேயே தொடங்குகிறது. மராத்தியில் சிலேட்டு ‘பாட்டி’. தமிழ்ப் பிள்ளையின் காதில் அது அம்மாவின் அம்மா. விஜயதசமியன்று தமிழ் வீட்டில் வித்யாரம்பம். அதே தசரா நாளில் மராத்தி வீட்டில் ‘பாட்டி பூஜை’, ஒன்று என்ற இலக்கத்தையே திரும்பத் திரும்ப எழுதிச் சரஸ்வதியின் உருவம் சமைக்கிறார்கள். ஒரே சாலின் (வரிசைக் குடியிருப்பின்) அடுத்தடுத்த கோலிகளில் (அறைகளில்) இரண்டும் நடக்கும்.

எழுத்திலும் இதே சந்திப்பு. தமிழில் ஒரே ‘க’ நிற்கும் இடத்தில் தேவநாகரியில் நான்கு எழுத்துகள். தமிழ்ப் பிள்ளை கடலில் ஓர் ஒலியும் அகலில் வேறோர் ஒலியும் தானாகவே சொல்கிறது; ஆனால் அவற்றுக்குத் தனித்தனி எழுத்து உண்டு என்பது அதற்குப் புதிய செய்தி. மராத்திப் பிள்ளைக்கோ ழகரமும் றகரமும் புதிர். 1978இல் தமிழ்நாடு அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தம் 13 எழுத்துகளின் வடிவை மாற்றியது. அதற்கு முன் ஊரைவிட்டு வந்த பெரியவர்கள் துதிக்கை போட்ட பழைய லையையும் னையையுமே கடிதங்களில் எழுதிவந்தார்கள். பேரப்பிள்ளைகள் புதிய வடிவில் படித்தார்கள்.

எண்ணில் வேறுபாடு இன்னும் கூர்மையானது. இருபத்தொன்று என்னும் தமிழ் வாய் பத்தை முதலில் சொல்கிறது. மராத்தியின் ‘ஏக்வீஸ்’ ஒன்றை முதலில் சொல்கிறது. ஐம்பத்தொன்பது, ‘ஏகோண்சாட்’, அதாவது அறுபதுக்கு ஒன்று குறைவு. 2019இல் பாலபாரதி (மகாராஷ்டிரப் பாடநூல் நிறுவனம், 1967இல் புணேயில் தொடங்கப்பட்டது) இரண்டாம் வகுப்புக் கணக்கு நூலில், பழைய முறையோடு ‘வீஸ் ஏக்’ என்று இருபதை முன்வைத்துச் சொல்லும் முறையையும் சேர்த்தது. மாநிலமெங்கும் பெரும் விவாதம். கணக்குக் குழுவின் தலைவர் மங்களா நார்லிகர் அந்த முறையை ஆதரித்துப் பேசினார். மாட்டுங்காவின் தமிழ்ப் பிள்ளைக்கு அது தன் வீட்டு வழக்கம். தமிழும் முற்றும் ஒழுங்கானதல்ல: எண்பதுக்கு அடுத்து தொண்ணூறு, எண்ணூறுக்கு அடுத்து தொள்ளாயிரம். தொல்காப்பியம் இவற்றுக்குப் புணர்ச்சி விதி கூறுகிறது. மொழியியலார் வேறு விளக்கங்களும் தருகிறார்கள்.

2000ஆம் ஆண்டு முதல் மகாராஷ்டிரத்தின் எல்லாப் பயிற்றுமொழிப் பள்ளிகளிலும் முதல் வகுப்பிலேயே ஆங்கிலம் நுழைந்தது. 2020ஆம் ஆண்டுச் சட்டம் மராத்தியைக் கட்டாயமாக்கியது. 2021இல் நடுவண் அரசு அறிவித்த நிபுண் பாரத் திட்டம், முதல் வகுப்பு முடிவில் நான்கைந்து சொற்கள் கொண்ட வாக்கியத்தைப் படிப்பதையும் 99 வரை எண்களை அறிவதையும் இலக்காக வைக்கிறது. மராத்தி, ஆங்கிலவழிப் பள்ளிகளில் முதல் வகுப்பு முதல் இந்தியைச் சேர்க்கும் மாநில அரசின் ஆணை 2025 ஏப்ரலில் வந்தது. எதிர்ப்பு வலுத்ததால் ஜூன் இறுதியில் திரும்பப் பெறப்பட்டு, நரேந்திர ஜாதவ் தலைமையில் குழு அமைக்கப்பட்டது. பெற்றோர் பலர் ஆங்கிலவழிக்கு நகர்ந்ததில் மாநகராட்சியின் தமிழ் வகுப்புகள் சுருங்கிவிட்டன. அந்த வீடுகளில் அகரத்தை எழுதிக் காட்டும் வேலை தாய்மாரிடமும் தாத்தா பாட்டிமாரிடமும் வந்து சேர்ந்திருக்கிறது.